ஒரே சாக்கில் போட்டால் ஒரே சரக்காகிவிடுமா?



சென்ற சீசனில் நடந்த ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாயுடுபுரத்தில் என் கடை வாசலில் காய்ந்த பட்டர் பீன்ஸ் சாக்கை வாய் திறந்து வைத்திருந்தேன். மதுரையிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் ஒரு பிடி அள்ளிப் பார்த்து, "ஏண்ணே, இது மலைச் சரக்குதானே?" என்று கேட்டார். "ஆமாங்க, அசல் கொடைக்கானல்" என்றேன். இரண்டு கிலோ வாங்கிப் போனார்.

அந்தச் சாக்கில் பாதிதான் வில்பட்டிப் பக்கத்து விவசாயிகளிடம் நான் வாங்கியது. மீதி, கீழே ஒரு மண்டியிலிருந்து மலிவாக வந்த ஏதோ ஒரு வெள்ளை பீன்ஸ். எந்த ஊர் விளைச்சல் என்று மண்டிக்காரரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பத்து நாள் கழித்துப் பில்லில் இருந்த எண்ணைப் பார்த்து அவர் போன் செய்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "பாதி வெந்து கரைஞ்சு போச்சு, பாதி கல்லாட்டம் கெடக்குதுண்ணே. வீட்டுல என்னையத்தான் கேக்குறாங்க" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. முப்பது வருடம் தராசு பிடித்த கைக்கு, சாக்கில் இருப்பது என்ன சரக்கு என்று சொல்லத் தெரியவில்லை.

அதன் பிறகுதான் கல்லூரியில் தாவரவியல் படிக்கும் என் பேத்தியின் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன். படித்ததில் நம் தொழிலுக்கு உதவும் சங்கதிகளை எழுதுகிறேன். எழுதுவதில் எனக்கு ஒரு நோக்கமும் உண்டு, அது கடைசியில் வரும்.

முதலில் நம் கடையையே ஒரு சுற்றுச் சுற்றி வருவோம். துவரை, உளுந்து, பாசிப்பயறு, கொள்ளு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, பட்டாணி, மொச்சை, ராஜ்மா, சோயா ஆகியவை ஒரே குடும்பம் என்று சொல்லாமலே தெரியும். நிலக்கடலையும் அதே குடும்பம்தான். வெந்தயம்? அதுவும்தான். புளி? அதுவும்! சீயக்காய், அதிமதுரம் எல்லாம் அந்த வகையறாவே. இரண்டு ஓடு சேர்ந்த காய்க்குள் விதை வரிசையாக இருக்கும் குடும்பம் என்று பொதுவாகச் சொல்லலாம். வீட்டில் பீன்ஸ் சாம்பார் வைத்தால் பருப்பு, புளி, வெந்தயம், காய் நான்கும் சொந்தக்காரர்கள். பெருங்காயம் மட்டும் வெளி ஆள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டத்தில் நிழலுக்கும் மிளகுக் கொடி ஏறுவதற்கும் நிற்கிற கல்யாண முருங்கையும் இதே குடும்பம். நாம் தினமும் பார்க்கும் வாட்டில் மரமும் அப்படியே. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உலகத்தில் பூக்கும் தாவரக் குடும்பங்களில் இது மூன்றாவது பெரியது. ஏறத்தாழ 20,000 இனங்கள். இதன் பழைய புதைபடிவங்கள் சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முந்தையவை. அப்போது நம் இந்திய நிலம் ஆசியாவோடு ஒட்டவே இல்லை, கடலில் தனியாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இமயமலை இல்லை. அவ்வளவு பழைய வம்சம் இந்தக் குடும்பம்.

இது இப்படிப் பெருகியதற்கு ஒரு முக்கியக் காரணம் வேரில் இருக்கிறது. நிலக்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருக்கும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. செடி பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. ஒருவகைப் பண்டமாற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற ஜெர்மானியர் இருவர் 1880-களில் இதைச் சோதனை செய்து காட்டினார்கள். சணப்பை, கொழுஞ்சி, தக்கைப்பூண்டை மடக்கி உழும் நம் விவசாயிக்குப் பலன் முன்பே தெரியும், காரணம்தான் தெரியாது. உரம் இல்லாத மண்ணிலும் பிழைக்கத் தெரிந்த குடும்பம் என்பதால் ஏறத்தாழ எல்லாக் கண்டத்திலும் கால் ஊன்றிவிட்டது. பருப்பில் புரதம் மிகுந்திருப்பதற்கும் இந்த நைட்ரஜன் வசதியே துணை.

கடல் கடக்கவும் தெரிந்த குடும்பம். ஹவாய்த் தீவில் கோவா என்ற ஒரு வேல மரம் உண்டு. இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவில் இருக்கும் ஒரு வேல மரம் அந்தக் கோவாவின் நேரடி வாரிசு என்று 2014-ல் வெளியான ஆய்வு மரபணுவைப் பார்த்துச் சொன்னது. இடைத்தூரம் சுமார் 18,000 கிலோமீட்டர். மனிதர் யாரும் கொண்டு போகவில்லை. லாரி வாடகையும் இல்லை!

மனிதன் கை வைத்தபின் கதை மாறுகிறது. காட்டுப் பயறு முற்றினால் காய் வெடித்து விதை சிதறும். அதன் தோல் கெட்டி, எல்லா விதையும் ஒரே மழையில் முளைக்காது. சில இந்த வருடம், சில பல வருடம் கழித்து. காட்டில் அதுதான் பிழைக்கும் வழி. வெடிக்காமல் செடியிலேயே நின்ற காய்களை ஆதி விவசாயி அறுத்து வந்தான், அதையே மறுபடி விதைத்தான். சில ஆயிரம் ஆண்டில் வெடிக்காத காய், ஒன்றாக முளைக்கிற விதை, சீக்கிரம் வேகிற பருப்பு என்று ஆயிற்று. கொள்ளு வாங்குபவர்கள் "எவ்வளவு ஊற வைத்தாலும் நாலு விதை கல்லாகவே கிடக்கிறது" என்று குறை சொல்வார்கள். அந்த நாலும் இன்னும் காட்டுப் புத்தி போகாதவை.

இது எங்கெங்கே நடந்தது என்று பார்த்தால் நம் பருப்பு வரிசை ஓர் உலக வரைபடம். துவரைக்குப் பிறப்பிடம் நம் நாடு. அதன் காட்டு முன்னோர் இன்றும் ஒடிசா, பஸ்தர் பக்கத்துக் காடுகளில் உண்டு. கொள்ளும் பாசிப்பயறும் நம் தென்னிந்தியாவிலேயே, கர்நாடக ஆந்திரப் பகுதிகளில், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பயிராகிவிட்டன. சாம்பல் மேடுகள் இருக்கும் பழைய குடியிருப்புகளில் கருகிய விதைகள் கிடைத்திருக்கின்றன. உளுந்தும் இந்தியச் சரக்கு. கொண்டைக்கடலை துருக்கிப் பக்கத்துக்காரர். பட்டாணியும் மைசூர் பருப்பும் அதே மேற்கு ஆசிய வட்டாரம். மைசூருக்கும் மைசூர் பருப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 'மசூர்' என்ற வடநாட்டுப் பெயர் நம் வாயில் மைசூர் ஆகியிருக்க வேண்டும். தட்டைப்பயறும் மொச்சை, அவரையும் ஆப்பிரிக்காவில் பிறந்து, மிகப் பழங்காலத்திலேயே இங்கு வந்து நம்மவர்களாகிவிட்டவை. புளியும் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது என்பதே தாவரவியலாரின் கணிப்பு. ஆனால் அரபு வணிகர் அதற்கு இட்ட பெயர் தமர் ஹிந்தி, அதாவது இந்தியப் பேரீச்சை. யாரிடம் வாங்கினார்களோ அவர்கள் பெயரையே சரக்குக்கு வைத்துவிட்டார்கள்!

நிலக்கடலை தென் அமெரிக்கா. வடமாவட்டங்களில் மல்லாட்டை என்கிறார்களே, அது மணிலாக் கொட்டை. ஸ்பானியர் அமெரிக்காவிலிருந்து பிலிப்பைன்ஸ் தீவின் மணிலாவுக்குக் கப்பல் விட்ட காலத்தின் முத்திரை அந்தப் பெயரில் இருக்கிறது. நம் துவரையோ எதிர்த் திசையில் ஆப்பிரிக்கா போய், அங்கிருந்து கரீபியத் தீவுகளுக்கும் போனது. இன்று மொசாம்பிக், தான்சானியா, மலாவி நாடுகளிலிருந்து நமக்கே திரும்பி வருகிறது.

இப்போது நம் ஊர் பீன்ஸ். பீன்ஸ், ராஜ்மா, பட்டர் பீன்ஸ், டபுள் பீன்ஸ் எல்லாமே அமெரிக்கக் கண்டத்துப் பேரினம் ஒன்றைச் சேர்ந்தவை. கொலம்பஸ் 1492-ல் கடல் கடப்பதற்கு முன் நம் நாட்டில் ஒரு பீன்ஸ் விதை இருந்திருக்க வழியில்லை. சாதாரண பீன்ஸ் இனத்தை மெக்சிகோப் பக்கத்து மக்களும், தெற்கே ஆண்டிஸ் மலை மக்களும் ஒருவரை ஒருவர் அறியாமல் தனித்தனியாக வீட்டுப் பயிராக்கினார்கள். மெக்சிகோ வம்சத்தின் விதை பெரும்பாலும் சிறிது, ஆண்டிஸ் வம்சத்தின் விதை பெரிது. ராஜ்மாவில் பொடியும் பருவட்டும் இருப்பதைச் 'சைஸ்' என்று நாம் விலை போடுகிறோம். அது பெரும்பாலும் இரண்டு வம்சங்களின் வித்தியாசம். டபுள் பீன்ஸ் வேறு இனம். பெரு நாட்டின் லிமா நகரத்துப் பெயரால் அதை லிமா பீன் என்பார்கள். அமெரிக்காவில் அதற்கே பட்டர் பீன் என்றும் பெயர் உண்டு. ஆகவே வெளிநாட்டு அட்டையில் பட்டர் பீன் என்று இருந்தால், அது நாம் பட்டர் பீன்ஸ் என்று விற்கிற சரக்கு என்று நினைத்து ஆர்டர் போட்டுவிடாதீர்கள்.

மலையில் பிறந்த பயிர் என்பதால் நம் மலையும் அதற்குப் பிடித்துப் போனது. 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார் இங்கே வீடு கட்டிக் குடியேறினார்கள். கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து குதிரையிலும் ஆள் தோளிலும் சாமான் ஏறிய காலம் அது. பங்களாத் தோட்டங்களில் சீமைக் காய்கறி விளைந்தது. பிறகு வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர் என்று நம் விவசாயிகள் கைக்குப் போய், அடுப்படிப் பானையில் சாம்பலோடு விதை வைத்து வருடா வருடம் விதைக்கும் நம் சொந்தச் சரக்காகிவிட்டது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பீன்ஸ் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். பூ விரிவதற்குள் கருவுறுதல் முடிந்துவிடுகிறது. அதனால் பாட்டி எடுத்து வைத்த விதை பேத்தி காலத்திலும் அதே பீன்ஸாகவே வரும். யாராவது விதையைக் கலந்தால் ஒழிய வம்சம் மாறாது. கலப்பது யார்? வயலில் அல்ல, சாக்கில். அதாவது நாம்.

வாட்டில் கதையையும் சொல்லியாக வேண்டும். சீகை மரம் என்றும் சொல்கிறோமே, அது ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பகுதி மரம். பட்டையில் தோல் பதனிடும் சத்து இருப்பதால் கொண்டுவந்து தோட்டம் போட்டார்கள். பீன்ஸைப் போல இதுவும் வந்த விருந்தாளிதான், ஒரே குடும்பம்தான். ஆனால் பீன்ஸிடம் மனிதன் கழற்றி எடுத்த காட்டுக் குணம் எல்லாம் வாட்டிலிடம் அப்படியே இருக்கிறது. கெட்டித் தோல் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு கிடக்கும். தீப்பட்டால் மொத்தமாக முளைக்கும். வேர் முடிச்சு இருப்பதால் ஏழை மண்ணிலும் தழைக்கும். பழனி மலையின் உயர்மட்டப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளில் மரத் தோட்டங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டது என்று 2018-ல் வந்த ஆய்வு, செயற்கைக்கோள் படங்களை வைத்துச் சொல்கிறது. புல்வெளிதான் நம் ஓடைகளுக்குத் தண்ணீரைப் பிடித்துக் கொடுப்பது. இதில் உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ் வயல்களுக்கும் பங்கு உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. ஒரு பயிரை இடம் மாற்றிக் கொண்டு வருவது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் ஒரு மாலை மன்னவனூர் ரோட்டில் போய்ப் பார்க்கலாம்.

இனி என் நோக்கத்துக்கு வருகிறேன்.

விதை நாடு விட்டு நாடு போனதில் பெரும் பங்கு வணிகனுடையது. எது விற்கும் என்று நாம் சொல்கிறோமோ அதைத்தான் விவசாயி விதைக்கிறார். நாம் "வெள்ளையா, ஒரே அளவா இருந்தா மட்டும் கொண்டாங்க" என்றால் வரி போட்டது, புள்ளி போட்டது, சிவப்பு ஓரம் உள்ளது எல்லாம் இரண்டு மூன்று சாகுபடியில் வீட்டுப் பானையை விட்டுப் போய்விடும். இதை நான் கண்ணால் பார்த்தேன். என்னிடம் வழக்கமாகச் சரக்குப் போடும் ஒரு மூதாட்டி, புள்ளி போட்ட பீன்ஸ் ஒரு வகை கொண்டு வருவார். சாக்கின் நிறம் கெடுகிறது என்று நான் கிலோவுக்கு விலை குறைத்தேன். அடுத்த வருடம் வெறும் வெள்ளை கொண்டு வந்தார். "அந்தப் புள்ளி பீன்ஸ் எங்கம்மா?" என்று கேட்டேன். "நீதான தம்பி வேணாம்னே" என்றார். அவரிடம் கையளவுதான் மிச்சம் இருந்தது.

போன விதையை மறுபடி வாங்க எந்த மண்டிக்குப் போவது? தடியன்குடிசையிலும் கொடைக்கானலிலும் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. பாதிரியார் கே.எம். மேத்யூ நம் பழனி மலைத் தாவரங்களுக்கு 1999-ல் பெரிய நூலே எழுதி வைத்தார். ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவில் 1972 முதல் இயங்கும் இக்ரிசாட் நிலையம் துவரை, கொண்டைக்கடலை, நிலக்கடலை விதைகளை ஆயிரக்கணக்கில் குளிர் அறையில் பாதுகாக்கிறது. நல்ல காரியம். ஆனால் நாயுடுபுரத்துப் புள்ளி பீன்ஸை அடுத்த வருடம் வயலில் வைத்திருக்க, அதை விலை கொடுத்து வாங்கும் ஒரு கடை வேண்டும்.

வெளிச் சரக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். 2015 அக்டோபரில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாய்க்குப் போனதும், இருப்பு வரம்பு என்று நம் கிட்டங்கிகளில் சோதனை நடந்ததும் மறக்கவில்லை. ரேஷனில் கனடா மஞ்சள் பருப்பு கொடுத்து ஏழை வீட்டுச் சாம்பாரை அரசு காப்பாற்றியது. மஞ்சள் பட்டாணிக்கு 2017 நவம்பரில் 50 சதவீதம் சுங்கவரி போட்டார்கள், 2023 டிசம்பரில் அதை எடுத்தார்கள். வரி ஏறும், இறங்கும். பட்டாணியைப் பட்டாணி என்று விற்றால் ஒரு தவறும் இல்லை. வடைக்கு அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. அதையே கடலை மாவில் கலந்து கடலை மாவு என்று விற்பதுதான் தப்பு.

கலப்பில் விலை மோசடி மட்டும் இல்லை, ஆபத்தும் உண்டு. கேசரிப் பருப்பும் பார்வைக்குத் துவரம் பருப்பு மாதிரிதான், கொஞ்சம் ஆப்பு வடிவில் முனை தட்டி இருக்கும். அதையே உணவாக அதிகம் தின்றவர்களுக்குக் கால் விளங்காமல் போன வரலாற்றால்தான் 1961-ல் அதன் விற்பனைக்குத் தடை வந்தது. ராஜ்மாவை அரை வேக்காட்டில் தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். டபுள் பீன்ஸ் இனத்தில் சில வகைகளில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, நன்றாக வேகவைத்துத் தண்ணீரை வடிக்க வேண்டும். நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பழங்குடி மக்கள் பூனைக்காலி விதையைப் பலமுறை வேகவைத்து வடித்த பிறகே தின்பார்கள். ஒவ்வொரு பயறுக்கும் ஒரு பக்குவம். என்ன பயறு என்று தெரியாமல் வாங்கிப் போகிற அம்மாவுக்கு எந்தப் பக்குவம் சொல்வீர்கள்? மதுரைக்காரர் வீட்டில் நடந்ததும் அதுதான். புதுச் சரக்கு வெந்துவிட்டது. வெக்கையான கிட்டங்கியில் மாதக் கணக்கில் கிடந்த பழைய பீன்ஸ் இறுகிப் போய் வேகவே இல்லை. இரண்டும் ஒரே குக்கரில்.

அவருக்கு இரண்டு கிலோ மலைச் சரக்கைப் பார்சல் லாரியில் அனுப்பி வைத்தேன். மிச்சமிருந்த கலப்புச் சாக்கைக் கலப்பு என்று எழுதி வைத்து மலிவாக விற்றுத் தீர்த்தேன். இப்போது கடையில் நாலு தகர டின் தனியாக இருக்கிறது. ஒவ்வொன்றிலும் பெயர், வாங்கிய ஊர், வாங்கிய மாதம் எழுதிய அட்டை. புள்ளி பீன்ஸுக்கு வெள்ளையைவிடக் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடுதல் கொடுக்கிறேன் என்று அந்த மூதாட்டியிடம் சொல்லியிருக்கிறேன். முதலில் நம்பவில்லை. கையளவு விதையைப் பெருக்கி இந்த முறை மூன்று படி கொண்டு வந்தார். ஒரு படியை விதைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். மீதி, சீசன் தொடங்கி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக்குள் தீர்ந்துவிட்டது. கணக்குப் பார்த்தால் பெரிய லாபம் இல்லை, நட்டமும் இல்லை.

சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டு வர எண்ணியிருக்கிறேன். கொடைக்கானல் பீன்ஸ் என்று பெயர் போட்டு விற்கும் சரக்கில் வெளிச் சரக்கைக் கலப்பதில்லை, வகை வாரியாகச் சாக்கைப் பிரித்து வைப்பது, பிரித்துக் கொண்டுவரும் விவசாயிக்குக் கிலோவுக்கு ஏதாவது கூடுதல் கொடுப்பது. சாக்குப் பிரிக்க இடம் ஏது, ஆள் கூலி யார் கொடுப்பது என்று இரண்டு பேர் ஏற்கெனவே என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். நியாயமான கேள்விதான். என் கடை பத்துக்குப் பன்னிரண்டு. டின்னை அடுக்கிய இடத்தில் முன்பு சோப்பு இருந்தது. மற்ற கடைக்காரர்கள் எப்படிச் சமாளிக்கலாம் என்று எழுதி அனுப்பினால், பொதுக்குழுவுக்கு முந்தைய இதழில் ஆசிரியர் இடம் தருவார்.